அண்ணாந்து குடிக்க முடியாதவர்கள்

எனக்கு மன்னிக்கத் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டும் சொல்லவில்லை. சிலருக்குக் கோலம் போட வராது, சிலருக்குக் கணக்கு வராது, எனக்கு இது வராது. என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் கேட்பார்கள்: "எப்பவோ நடந்தத இன்னுமாக்கா நெஞ்சுல வச்சுக்கினு இருக்கீங்க?" வேறு எங்கே வைப்பதாம்? என் அண்ணன் நெஞ்சில் கல்தூளைக் கொட்டினார்கள். அவன் அதை இறக்கி வைக்க முடியாமலே போனான். நான் மட்டும் எதற்கு இறக்கி வைக்க வேண்டும்?

திருவண்ணாமலை டவுனிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற பக்கம் எங்கள் ஊர். புது மாவட்டம் பிரிந்து, ஆபீஸ்களும் லாட்ஜுகளும் கல்யாண மண்டபங்களும் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கட்டடம் என்றால் ஜல்லி வேண்டும். எங்கள் ஊருக்குப் பின்னால் இருந்த சின்ன மலைக் கரட்டுக்கு வெடி வைத்து, அதன் அடியிலேயே கல்லை நொறுக்குகிற கிரஷர் ஒன்றைப் போட்டான் டவுன்காரன் ஒருவன். அவனை மரியாதையாக எழுதச் சொல்லாதீர்கள். நேரில் 'ங்க' போட்டுத்தான் பேசினேன். எழுத்தில் என்னால் முடியாது.

அண்ணன் அந்தக் கிரஷரில் மெஷினின் வாயில் கல்லைத் தள்ளுகிற வேலைக்குப் போனான். அப்பா இல்லாத வீடு. நான் டவுன் காலேஜில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவன் வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா அவன் சட்டையை வேப்பமரத்தில் அடித்து உதறுவாள். உதறினால் அவளுக்கும் தும்மல் வரும். "மாவு மில்லுல வேலைக்குப் போனா கூட இட்லிக்காவது ஆவும்" என்று அண்ணன் சிரிப்பான். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற ஆள் அவன். எனக்கு வாய்த்த கோபத்தில் பாதிகூட அவனுக்குக் கொடுக்கவில்லை கடவுள்.

அப்புறம் இருமல் வந்தது. முதலில் விடியற்காலையில், பிறகு படி ஏறினால், பிறகு பேசினால்.

எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானை மேல் ஒரே சொம்பு. எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்போம். வாய் வைத்துக் குடித்தால் எச்சில். சின்னக் குழந்தைகூட மூக்கில் ஊற்றிக்கொண்டு, புரையேறி, அடி வாங்கி, எப்படியாவது கற்றுக்கொண்டுவிடும். ஒரு நாள் வேலையிலிருந்து வந்த அண்ணன் சொம்பைத் தூக்கினான். பாதியில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் உள்ளே போகாமல் மூச்சுக்குழாயில் போய், கண் பிதுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருமுகிறவனால் அண்ணாந்து குடிக்க முடியாது. அன்றுதான் எங்களுக்கு அது தெரிந்தது. மறுநாள் அம்மா அவனுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வைத்தாள். வாய் வைத்துக் குடிக்கட்டும் என்று. அவ்வளவுதான். அப்போது அது வெறும் டம்ளர்.

டவுனில் எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் நெஞ்சு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். பார்த்த டாக்டர், "டி.பி." என்று சொல்லி மாத்திரை எழுதினார். சளியைப் பரிசோதித்தார்கள், கிருமி இல்லை. திரும்பப் பரிசோதித்தார்கள், அப்போதும் இல்லை. "இருந்தாலும் சாப்பிடட்டும்" என்றார்கள். மாத்திரையைத் தின்று தின்று அண்ணனுக்கு மூத்திரம் ஆரஞ்சுக் கலரில் போனதுதான் மிச்சம். இருமல் அப்படியே இருந்தது.

டி.பி. என்ற சொல் மட்டும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டது. அங்கேதான் அண்ணியின் தாய்வீடு. மணிலாக் கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். அண்ணியின் அம்மா, எனக்கு அத்தை முறை, ஒரு நாள் காலையில் வந்து இறங்கினார். நேராக உள்ளே போய் அண்ணனின் டம்ளரை எடுத்து, இடுப்பில் செருகியிருந்த நகப்பாலிஷ் பாட்டிலைத் திறந்து, அடியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார்.

"எதோட எதுனா கலந்துடப் போவுது" என்றார். அன்று மத்தியானமே அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குழந்தைக்கு அப்போதுதான் வாய் நிறையப் பேச்சு வந்திருந்தது. அண்ணி அழுதுகொண்டேதான் போனாள். ஆனால் போனாள்.

அதற்குப் பிறகு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மஞ்சப் பையில் அந்த டம்ளரைப் போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுவான். மாமியார் வீட்டு வாசலுக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கம் நிற்பான். குழந்தையை அத்தை வாசற்படிக்குள் கையைப் பிடித்து நிறுத்திவைப்பார். இவன் இங்கிருந்து கையாட்டுவான், அது அங்கிருந்து கையாட்டும். தண்ணீர் கேட்டால் தூரத்திலிருந்து இவன் டம்ளரில் ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவான். "இன்னைக்கு அப்பானு கூப்ட்டுச்சு கொழந்த" என்பான் என்னிடம்.

இந்த நேரத்தில்தான் பட்டணத்து மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர், பெரிய டாக்டர், வந்தார். கல் வேலை செய்கிறவர்களுக்கு வரும் நோயைப் பற்றி ஆராய்ச்சி. இருமுகிறவர்களுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள், சளியைப் பரிசோதிப்பார்கள், கிரஷரில் தூசியை அளப்பார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க உள்ளூரில் படித்த பெண் வேண்டும் என்றார்கள். நான் சேர்ந்தேன். சம்பளத்துக்காக இல்லை. இந்த மனிதர் வாயால் 'இது தூசியால் வந்தது, ஒட்டாது' என்ற ஒரு வார்த்தை வந்துவிட்டால் குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை.

அந்தப் பட்டணத்து டாக்டர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது: திருவண்ணாமலைக்கு வருவதென்றால் பௌர்ணமிக்குத்தான் வருவார். "வேலைக்கு வேலையும் ஆச்சு, கிரிவலத்துக்குக் கிரிவலமும் ஆச்சு" என்று எங்களிடமே சொல்வார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், கிரஷர் முதலாளியே அவருக்கு ரூம் பிடித்துக் கொடுத்திருந்தான்.

பௌர்ணமி அன்று எங்கள் கிரஷர் ஓடாது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று முதலாளிக்கு அன்னதானம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாகப் பெரிய தகர ஷெட். ஜல்லி ஏற்றுகிற லாரியைக் கழுவி, அண்டாவும் கரண்டியும் ஏற்றி, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். கல் உடைக்கிற கை அன்றைக்குச் சாம்பார் கிண்டும். மற்ற ஷெட்டுகளில் தொன்னையில் புளிசாதம் கொடுத்தால் இவன் இலை போட்டுப் பந்தி வைப்பான். வாசலில் நெற்றி நிறையப் பட்டையோடு கைகூப்பி நிற்பான். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று ஒரு பழமொழி உண்டே, அது இவனுக்காகவே முன்கூட்டிச் சொல்லிவைத்தது. ஒரு மலையைச் சாமி என்று கும்பிட்டுச் சுற்றுவான். இன்னொரு மலைக்கு வெடி வைப்பான்.

டாக்டர் தூசி அளக்க வந்ததும் ஒரு பௌர்ணமியில்தான். இடுப்பில் கட்டுகிற சின்னப் பம்ப், அதிலிருந்து சட்டைக் காலர் வரைக்கும் ஒரு குழாய், குழாய் முனையில் வட்டமான வெள்ளைத் தாள். ஆள் இழுக்கிற காற்றை அதுவும் இழுக்கும், தூசி தாளில் படியும். அவர் வருவது தெரிந்து முதலாளி அன்றைக்கென்று கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினான். அதற்கு முன்னால் டேங்கர் லாரியைக் கொண்டுவந்து கல், தரை, மெஷின் எல்லாவற்றையும் குளிப்பாட்டினான். கிரஷர் அன்று மார்கழிக் காலை மாதிரி சில்லென்று இருந்தது.

"சார், இது தினமும் இப்பிடி இருக்காது சார்" என்றேன். "பௌர்ணமிக்கு மெஷினே ஓடாது. உங்களுக்காக ஓட்றாங்க. தண்ணி தெளிக்கிறதுலாம் என்னைக்குமே கெடையாது."

"மெஷின் மெஷின்தானேம்மா? கல்லும் அதே கல்லுதானே?" என்றார் அவர். கிரிவலத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது அவருக்கு.

அடுத்த பௌர்ணமிக்கு வந்தவர், அன்னதான ஷெட்டில் மைக்கைப் பிடித்தார். முதலாளிதான் பிடிக்க வைத்தான். தூசி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே இருக்கிறது, இங்கே இருமல் என்றால் அது டி.பி.யாகவோ பீடியாலோதான் இருக்க வேண்டும், எல்லோரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று பேசினார். முதலாளி சால்வை போர்த்தினான். கூட்டம் கை தட்டியது. ஒரு பீடியைக்கூட வாயில் வைத்தறியாத என் அண்ணன் அதை ஷெட்டுக்கு வெளியே நின்று கேட்டான். வெளியே என்று ஏன் சொல்கிறேன் என்றால், இருமல் வந்த ஆட்களைக் கிரஷர் மேஸ்திரி பௌர்ணமியன்று உள்ளேயே விடமாட்டான். "சாமி சோத்துல இருமித் தொலைக்காதீங்கடா" என்பான். பரிமாறவும் கூடாது, சாப்பிடவும் கூடாது.

செய்தி கீழ்பென்னாத்தூருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனபோது வாசல் கதவே சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாக அத்தை சொன்னாராம்: "பெரிய டாக்டரே மைக்ல சொல்லிட்டாரு. இனிமே தெருவுல வந்து நிக்காதீங்க. கொழந்த பாத்தா அழுவுது."

திரும்பி வந்த அண்ணன் மஞ்சப் பையை ஆணியில் மாட்டினான். "வுடு பாப்பா" என்றான், என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "அவங்க பயம் அவங்களுக்கு. நல்லா இருக்கட்டும்."

"நல்லா இருப்பாங்களா? நான் இருக்க வுட்டாதான!" என்றேன். அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அந்த மாதம் முழுக்கக் கறுவிக்கொண்டே இருந்தேன். சோறு வடிக்கும்போதும் கறுவினேன், கேள்வி கேட்கப் போன வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்தும் கறுவினேன். முதலாளியின் கார் எங்கள் தெருவில் போனால் அதன் பின்னால் மண்ணை வாரித் தூற்றுவேன். மண்ணால் ஆகாது என்று தெரியும். அவன் எதனால் பெரிய மனிதனாக நிற்கிறானோ, அதிலேயே கை வைக்க வேண்டும்.

பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது. கல்யாணத்தில் பகையாளி வந்து உட்கார்ந்தாலும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேசாமல் இருப்பார்கள். அன்னதானத்தில் கேட்கவே வேண்டாம், எழுப்பினால் சாமியையே எழுப்பியதாக அர்த்தம். இன்னொன்றும் உண்டு. வரிசையில் எல்லோரும் முடிக்காமல் நடுவில் ஒருவர் எழுந்து போகவும் கூடாது. இது யாரும் எழுதிவைக்காத சட்டம். எனக்கு இது போதும் என்று தோன்றியது.

இருமல் வந்த ஆட்கள் எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கேள்வி கேட்கப் போய் எல்லோர் வீடும் எனக்குப் பழக்கம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். அண்ணன்தான் வரமாட்டேன் என்றான்.

"என் எலைக்குப் பக்கத்துல எவன் ஒக்காருவான் பாப்பா?"

"நான் ஒக்கார்றேன். கெளம்பு."

அடுத்த பௌர்ணமி மத்தியானம், முதல் பந்திக்கு வாசல் கயிற்றை அவிழ்த்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நாங்கள் உள்ளே போனோம். மேஸ்திரி சாம்பார் வாளியோடு உள்பக்கம் இருந்தான், பார்ப்பதற்குள் உட்கார்ந்துவிட்டோம். முதல் வரிசை. எதிர் வரிசையின் நடுவில், தலைவாழை இலை முன்னால், சால்வை வாங்கிய டாக்டர்.

மேஸ்திரி ஓடிவந்தான். "டேய், எழுந்திருங்கடா. யாரு உங்கள உள்ள வுட்டது?" என்று அடித்தொண்டையில் கத்தினான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், எலைல ஒக்காந்தவன எழுப்புறியே, நீ மனுசனா? மொத சோத்தப் போடுய்யா!" என்றார். அவர் யாரோ எவரோ, அவர் வம்சம் நன்றாக இருக்கட்டும்.

சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, அன்று சாம்பாரும் பூசணிக்காய்ச் சாம்பார்தான். எங்கள் ஆட்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வாய் வைப்பதற்குள் ஒருவருக்கு இருமல். அவர் நிறுத்தினால் அடுத்தவர். கையை இலை மேல் ஊன்றிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, முதுகு குலுங்கக் குலுங்க. நான் யாரையும் இருமச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சாப்பாடு என்றாலே அப்படித்தான். வீட்டுக்குள் தனித்தனியாக நடப்பதை ஒரே வரிசையில் உட்காரவைத்தேன், அவ்வளவுதான். அண்ணன் மஞ்சப் பையிலிருந்து தன் டம்ளரை எடுத்து வைத்தான். ஊர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று அவனுக்கு!

டாக்டர் சாப்பிட்டு முடித்துவிட்டார். இலையை மடிக்கக் கை போனது.

"சார், இவங்க இன்னும் சாப்ட்டுனு இருக்காங்க" என்றேன், நேராக அவர் முகத்தைப் பார்த்து.

கையை எடுத்துக்கொண்டார். அவர் கையில் சோறும் சாம்பாரும் காய்ந்து பொருக்குத் தட்டுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தலை குனிந்து இலையையே பார்த்தார், பிறகு அப்படியே இருக்க முடியாமல் நிமிர்ந்தார். எக்ஸ்ரேயில் பார்த்த நெஞ்சுகள் எல்லாம் எதிரே உட்கார்ந்து சோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் பந்திக்குக் கூட்டம் நெருக்கியது. "இன்னாங்க இது, யாருங்க இவங்கல்லாம்?" என்று ஒரு அம்மாள் கேட்டார். நான் கேட்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "இவங்கல்லாம் மொதலாளியோட கிரஷர்ல வேல செஞ்சவங்கம்மா. இவங்க ஒடச்ச கல்லுலதான் இந்த அன்னதானமே நடக்குது." அந்த அம்மாள் ஒரு நொடி இலைகளைப் பார்த்தார், பேனரில் இருந்த முதலாளியின் போட்டோவைப் பார்த்தார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்கு நடந்தார். அவர் பின்னால் நாலு பேர். அந்த நாலு பேர் பின்னால் கூட்டம்.

முதலாளியின் கூப்பிய கை அவிழ்ந்தது. என் பக்கத்தில் வந்து குனிந்து, சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்தான். "இன்னாம்மா வேணும் ஒனக்கு?"

"செவ்வாக்கெழம மெஷின ஓட்டுங்க. தண்ணி தெளிக்காம. தெனமும் எப்பிடி ஓட்றீங்களோ அப்பிடி. டாக்டர் சார் கிட்ட நிக்கட்டும்."

அவன் வாயைத் திறப்பதற்குள் எதிரிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "நான் இருக்கேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இங்கதான் இருக்கேன்."

அன்று இரவே முதலாளி பிடித்துக்கொடுத்த ரூமைக் காலி செய்துவிட்டுத் தானே ஒரு வாடகை ரூம் எடுத்துக்கொண்டாராம்.

செவ்வாய்க்கிழமை டேங்கர் லாரிக்கு அன்றைக்கென்று பார்த்துப் பஞ்சர். டிரைவர் எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மச்சான். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். கிரஷர் வறட்டு வறட்டென்று ஓடியது. டாக்டர் தானே ஒரு பம்ப்பைக் கட்டிக்கொண்டு மெஷினின் வாய்ப் பக்கம் நின்றார். கைக்குட்டையை மூக்கில் வைத்தார், எடுத்தார், உதறினார், மறுபடி வைத்தார். சாயங்காலம் குழாய் முனையைத் திறந்து தாளை எடுத்தார். காலையில் வெள்ளையாக வைத்த தாள் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் ஆபீஸ் ரூமில், கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, முதலாளி எங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தினமும் அவன் உட்காருகிற இடம் அதுதான்.

தாளை எடைபோட்டு, எக்ஸ்ரேக்களைத் திரும்பப் பார்த்து, எல்லோர் சளியையும் மறுபடி பரிசோதித்துவிட்டு டாக்டர் வந்தார். அது பௌர்ணமி இல்லை.

"சிலிகோசிஸ்மா. கல்தூசி நுரையீரல்ல படிஞ்சு வர்றது. உங்க அண்ணனுக்கு டி.பி. இல்ல. ஒட்டாது." எக்ஸ்ரே படங்களை உறைக்குள் போட்டார். பிறகு, "மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

பரவாயில்லை சார் என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்றால்தானே சொல்வதற்கு. "எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? மைக்ல சொன்னீங்களே, அதே மாதிரி கீழ்பென்னாத்தூர்ல வந்து சொல்லுங்க" என்றேன்.

வந்தார். ஜீப்பில் அண்ணனும் மஞ்சப் பையோடு வந்தான். அத்தை வாசலில் நின்றார், குழந்தையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. தெருவே கூடிவிட்டது. டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அன்று ஜன்னல் வழியாகப் பேசிய அத்தை, கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க படிச்சவரு, சொல்லுவீங்க. சொல்லிட்டு வண்டி ஏறிப் போயிடுவீங்க. அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு இந்தக் கொழந்த இருமுனா நீங்களா வந்து பாப்பீங்க?"

அத்தை கேட்டது நியாயமான கேள்வி, அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பையிலிருந்து டம்ளரை எடுத்தேன். வாசல் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அண்ணனிடம் கொடுத்தேன். "குடி" என்றேன். அவன் வாய் வைத்துப் பாதி குடித்தான். மீதியை வாங்கி டாக்டரிடம் நீட்டினேன்.

"குடிங்க சார்."

டாக்டர் டம்ளரை வாங்கினார். அண்ணாந்து, கையை உயர்த்தி, சொட்டுச் சிந்தாமல் வாயில் ஊற்றினார். பழக்கத்தில் செய்தாரா, பயத்தில் செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அத்தை சிரித்தார். "பாத்தியா? அவரே தூக்கித்தான் குடிக்கிறாரு."

டம்ளரில் இன்னும் ஒரு வாய் இருந்தது.

"சார்" என்றேன். "வாய் வச்சுக் குடிங்க."

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ அவன்தான் தப்புச் செய்தது போல. டாக்டர் டம்ளரை இறக்கி, அண்ணன் வாய் வைத்த அதே பக்கம் உதட்டை வைத்து, உறிஞ்சிக் குடித்தார். மீசை நனைந்தது. துடைக்கவில்லை.

அத்தையின் கை தளர்ந்ததா, உள்ளேயிருந்து வந்த அண்ணி பிடுங்கிக்கொண்டாளா, சரியாகப் பார்க்கவில்லை. அண்ணி தன் அம்மாவைத் தாண்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவனுக்கு எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. அது அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. "அய்ய, வலிக்குதுடி" என்று சிரித்து, சிரித்ததால் இருமி, இருமிக்கொண்டே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

நெஞ்சில் ஏறிய கல்தூளை எடுக்க மருந்து கிடையாது. அதையும் டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் இன்னும் சில வருடம் இருந்தான். மகள் ஸ்லேட்டில் எழுதுவதைப் பார்த்தான், அவள் அவன் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பாள். கடைசியில் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியிருந்தது, அவள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு தூங்குவாள். அப்படி ஒரு நாள் போய்விட்டான்.

முதலாளிக்கு என்ன ஆயிற்று? தண்ணீர் தெளிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதிகாரிகள் வருகிற நாளில் தெளித்தான். பௌர்ணமிப் பந்தி கொஞ்ச காலம் கம்மியாகி, பிறகு முன்னைவிட ஜாஸ்தியாகிவிட்டது. சனங்களுக்கு மறதி. எனக்குத்தான் இல்லை. நான் அந்த டாக்டரின் குழுவிலேயே தங்கிவிட்டேன், ஊர் ஊராகக் கிரஷர்களுக்குப் போனேன். அண்ணியும் பெண்ணும் என்னோடுதான். அம்மா டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அந்தச் சிவப்புப் பொட்டை எடுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, ஒரு பகலில், எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. பெண் ஸ்கூலுக்கும் அண்ணி வேலைக்கும் போயிருந்தார்கள். காரிலிருந்து முதலாளி இறங்கினான். பாதி ஆளாக இளைத்திருந்தான். ஆள் வருவதற்கு முன்னால் இருமல் வந்தது. அந்த இருமலை நான் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வேன்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை வாங்கிக்கொண்டு பேசினான். "ஆஸ்பத்திரில இன்னான்னமோ சொல்றாங்கம்மா. வீட்ல டி.பி.னு முடிவே பண்ணிட்டாங்க. தனித் தட்டு வச்சுட்டாங்க. மருமவ பேரன எங்கிட்ட வுட மாட்றா. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்றான் புள்ள." கண் கலங்கியது. "நீ டாக்டர் சாருக்கு வேண்டியவ. அது ஒட்டாதுனு வந்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்மா."

"இருங்க, தண்ணி கொண்டாறேன்" என்றேன்.

உள்ளே அலமாரியில் வேறு டம்ளர்களும் இருந்தன. நான் எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தளும்பத் தளும்ப ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

கிரிவலம் போகிற, ஆசாரமான ஆள். அண்ணாந்து ஊற்றினான். பாதியில் இருமல் வந்தது. தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டி, புரையேறி, கண் பிதுங்கி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். நான் முதுகைத் தட்டவில்லை. நின்று பார்த்தேன். மூச்சு திரும்பியதும் டம்ளரைத் தாழ்த்தி, வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.

"யாரு டம்ளர்னு தெரியுதுங்களா?" என்றேன்.

திருப்பிப் பார்த்தான். அடியில் சிவப்புப் பொட்டு.

"எங்க அண்ணனுதுங்க."

அவன் டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தான். தோளில் இருந்த துண்டை எடுத்து உதட்டைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். நாக்கைக்கூடத் துடைத்தான். அவன் துடைத்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"பயப்படாதீங்க" என்றேன். "அது ஒட்டாது."